குரோன்ஸ் ஆபரேஷனுக்கு அப்புறம் காட்ட ஒரு கிளினிக்: நல்ல டாக்டர், சுமாரான கவுன்டர்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் குரோன்ஸ் என்கிற, குடலில் திரும்பத் திரும்பப் புண் வரும் நோய்க்குக் குடல் ஆபரேஷன் ஆனவர்கள் இருந்தால் இது உங்களுக்குத்தான். தம்பிக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டிப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் "இனிப் பயமில்லை" என்று அனுப்பியும் விட்டார்கள். ஆனால் குரோன்ஸ் வெட்டினால் போகிற நோய் இல்லை, தைத்த இடத்திலேயே மறுபடி புண் வரலாம், அதுவும் வயிற்றுவலி தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே.

திருவனந்தபுரத்தில் இப்போது காட்டும் கிளினிக்கில் "திரும்ப வெட்ட வேண்டி வருமா டாக்டர்?" என்று அம்மா கேட்டதும் அவர் தம்பியைப் பார்த்து "சிகரெட் உண்டோ மோனே?" என்றார். உண்டு. அவன் முழித்த முழி! புகைப்பவர்களுக்கும், குடல் ஓட்டையாகியோ ஃபிஸ்டுலா (குடலிலிருந்து வேறு இடத்துக்குத் தப்பான வழி) வந்தோ ஆபரேஷன் ஆனவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை வெட்டியவர்களுக்கும் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாம். இதில் நம் கையில் இருப்பது சிகரெட் மட்டும்தான் என்று மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார்.

அப்புறம் ஆபரேஷன் ஆன ஆறாம் மாதம் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. தைத்த இடத்தில் புண் எவ்வளவு என்று பார்த்து ருட்கீர்ட்ஸ் ஸ்கோர் போடுகிறார்கள், 1990-இல் பெல்ஜியம்காரர்கள் கொண்டுவந்த முறை, ஐ0 முதல் ஐ4 வரை. ஐ0, ஐ1 என்றால் கொஞ்சம் நிம்மதி. ஐ3, ஐ4 வந்தால் வலி இல்லாவிட்டாலும் மருந்தைக் கூட்டுவார்கள். தம்பிக்கு ஐ2, அதாவது ஐந்துக்கு மேல் சின்னப் புண்கள், புண்களுக்கு நடுவில் இருக்கும் குடலின் உள்தோல் நன்றாக இருக்கிறது. ஆபரேஷன் வரும் வராது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் சும்மா காத்திருக்காமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் மருந்தை ஆரம்பித்துவிட்டார், அது போதாவிட்டால் அழற்சியைக் குறிவைக்கும் பயாலஜிக் ஊசி, இடையிடையே குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்ப்ரோடெக்டின் டெஸ்ட். ரிப்போர்ட்டைத் தம்பி கையில் கொடுத்து, படத்தில் எது புண் என்று காட்டியும் கொடுத்தார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறைகளும் உண்டு. கால்ப்ரோடெக்டின் சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்புகிறார்கள், ரிசல்ட் வந்தால் போன்கூடப் பண்ண மாட்டார்கள், நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டுச் சீட்டு மலையாளத்தில் மட்டும், அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். நம்ம ஊர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இங்கே எடுபடாது, கையில் காசு வேண்டும்.

ஐந்துக்கு நாலு ஸ்டார், அந்த நாலும் டாக்டருக்கு. விடியற்காலை பஸ்ஸே ஏறிவிடுங்கள், பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலில் மாட்டினால் டோக்கன் போச்சு.