"300 டிபிஐக்கு மாத்த வேணும்" என்று காசு கேட்கும் பனர் கடைகள்: கவனம்

யாழ்ப்பாணத்தில் பெரிய பனர், போஸ்ரர் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது. (டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு.) கடையில் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது 100 டிபிஐதான் கிடக்கு. 300க்கு மாத்தினால்தான் கிளியரா வரும், அதுக்குத் தனிக் காசு" என்று சொன்னால், பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் சரி என்று தலையாட்டினோம். பலன் இதுதான்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பவள விழாவுக்கு, 1950 இல் அதைத் தொடக்கியவர்களின் குழுப்படத்தை 8 அடிக்கு 6 அடியில் வாசலில் வைக்க முடிவெடுத்தோம். அந்தப் படத்துக்கு ஒரேயொரு பிரதிதான் மிச்சம். 1995 இடப்பெயர்வில் ஒரு குடும்பம் காணி உறுதிகளோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காப்பாற்றியது. 8 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தேன். 9600க்கு 7200 புள்ளிகள் கிடைத்தன. 8 அடி என்றால் 96 அங்குலம், ஆக அங்குலத்துக்கு 100 புள்ளி. ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு 90 அளவில் இருந்தாலே தாராளம். வீதியோரப் பதாகைக்கு அதில் பாதிகூட வேண்டாம். இது கிட்டப் போய் அப்பப்பாவைத் தேடுகிற படம் என்பதால்தான் இவ்வளவு மினக்கெட்டேன். கீழே வரும் பெயர்களையும் கேர்வ் ஆக்கித்தான், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றித்தான் கொடுத்தேன். இல்லாவிட்டால் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் குழம்பிவிடும்.

டிபிஐ என்பது கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும் ஓர் எண். படத்தில் உண்மையில் இருப்பது புள்ளிகள். 9600 புள்ளிக்கு 100 என்று எழுதினால் 96 அங்குலம், 300 என்று எழுதினால் 32 அங்குலம், படம் அதே படம்தான். ஃபோட்டோஷொப்பில் இமேஜ் சைஸைத் திறந்து, ரீசாம்பிள் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு எண்ணை மாற்றிப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடியும், ஒரு புள்ளியும் கூடாது, குறையாது. அந்த அடையாளத்தை எடுக்காமல் எண்ணைக் கூட்டினால் புள்ளி கூடும். ஆனால் அவை கணினி தானே நிரப்பிய புள்ளிகள், ஸ்கானில் இல்லாதவை. இதற்குத்தான் பில்லில் "எச்டி" என்று ஒரு தொகை.

அவர்கள் செய்தது அதையும் தாண்டிய வேலை. விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் பனரை விரித்தால், எல்லோரும் மெழுகுப் பொம்மை மாதிரி நிற்கிறார்கள். நெற்றித் திருநீறு ஒருவருக்கும் இல்லை, அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. பின்வரிசையில் பாதி முகம் நிழலில் நின்றவருக்குப் புதிதாக ஒரு கண் முளைத்திருந்தது. வாய் மூடி நின்றவர்களுக்குப் பல். கனடாவில் இருந்து வந்த அன்ரி ஒருவர் "இதில எங்கட அப்பா எங்க?" என்று கேட்டார். முன்வரிசையில், அவருக்கு நேர் முன்னால்தான் அப்பா இருந்தார்.

கடைக்குப் போனால், "பழைய படம் எண்டால் இப்பிடித்தான் அண்ணை வரும்." கணினியைக் காட்டச் சொன்னேன். நான் கொடுத்த படம் 60 எம்பிக்கு மேல். அவர்கள் வேலை செய்த படம் ஒரு எம்பிகூட இல்லை, கோப்பின் பெயரிலேயே வட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டும் 'டபிள்யூஏ' என்று இருந்தது. வெளியில் இருக்கும் டிசைனருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 96 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 17 புள்ளிகூட இல்லை. அதை ஏஐயில் போட்டு ஊதிப் பெருப்பித்து, "300 டிபிஐ" என்று அடித்துத் தந்திருக்கிறார்கள். அரிசி விளம்பரத்துக்கு ஏஐ போட்டால் எனக்கென்ன. செத்துப்போனவர்களின் முகத்தை மாற்ற யார் சொன்னது?

மறுபடி அடித்துத் தரவில்லை. அந்த எச்டி காசைக்கூடக் கழிக்கவில்லை.

நீங்கள் கொடுக்கும்போது, முகம் உள்ள ஒரு சதுர அடியை மட்டும் உண்மை அளவில் முதலில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுக்கலாம், அது நியாயம். படத்தின் புள்ளி அளவையும் "கோப்பை மாற்றக்கூடாது" என்பதையும் பில்லிலேயே எழுதுவியுங்கள். நிறம் கொஞ்சம் மங்கினால் மட்டும் கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள். திரையில் தெரியும் பளிச்சென்ற நீலம் அச்சில் போடும் நாலு நிற (சிஎம்வைகே) மையில் வராது, அது அவர்கள் பிழை இல்லை.

பிறகு அதே கோப்பை வேறொரு கடையில் கொடுத்தோம். டிபிஐ பற்றி ஒரு கதையும் இல்லாமல் அடித்துத் தந்தார்கள். திருநீறு எல்லோருக்கும் இருக்கிறது. ஸ்கான் வேண்டும் என்று கேட்ட குடும்பங்கள் பென்டிரைவோடு வாசிகசாலைக்கு வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு படம் சுருங்காமல் இருக்க வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ற் ஆகத்தான் அனுப்புவேன், போன் நிரம்பிவிட்டது என்று பிறகு என்னைப் பேசக்கூடாது.