சேஃப்டியா, டீகாக்கரா? கட்டைவிரலுக்கு எப்போது வேலை என்பதே கேள்வி

பிஸ்டல் சுடப் பழகுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சேஃப்டி உள்ளது நல்லதா, டீகாக்கர் உள்ளது நல்லதா? இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துத்தான் பலர் இப்படிக் கேட்கிறார்கள். சேஃப்டி, துப்பாக்கியைச் சுடவிடாமல் பூட்டுகிறது. டீகாக்கரில் பூட்டு எதுவும் கிடையாது. ஏறி நிற்கும் சுத்தியலை, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகத்தை, வெடிக்காமல் கீழே இறக்கிவிடும், அவ்வளவுதான். இறக்கிய பின்னும் விசையை (டிரிகரை) இழுத்தால் துப்பாக்கி சுடும். முன்னைவிட நீளமாக, அதிக பலத்தோடு இழுக்க வேண்டும்.

எனவே இரண்டையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இவற்றின் லீவரைத் தள்ளும் கட்டைவிரலைத்தான். சேஃப்டி உள்ள துப்பாக்கியில் கட்டைவிரலுக்குச் சுடுவதற்கு முன்பு வேலை. அதை மறந்தால் துப்பாக்கி சுடாது. டீகாக்கர் உள்ளதில் சுட்டு முடித்த பிறகு வேலை. அதை மறந்தால், சுத்தியல் ஏறி, விசை இலேசாகி நிற்கும் துப்பாக்கி அப்படியே உறைக்குள் போகும். எந்த மறதி யாருக்கு ஆபத்து என்று யோசித்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

சேஃப்டிக்காரர்களின் கட்சி

இந்தக் கட்சியின் மூத்தவர் கோல்ட் எம்1911. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல். இதன் விசைக்கு ஒரே ஒரு வேலை, ஏறிய சுத்தியலை விடுவிப்பது. சுத்தியல் கீழே இருந்தால் விசையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. எனவே உடனே சுடும் நிலையில் வைத்திருக்க வேண்டுமானால் சுத்தியல் ஏறித்தான் இருக்க வேண்டும். ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் குதிரைப்படை வீரன் மறுகையாலேயே துப்பாக்கியைப் பூட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று கேட்டதால் வந்ததுதான் அந்தக் கட்டைவிரல் லீவர். மேலே தள்ளினால் பூட்டு, கீழே அழுத்தினால் சுடலாம். கைப்பிடியை இறுகப் பற்றும்போது கட்டைவிரல் இயல்பாகவே கீழ்நோக்கித்தான் போகும் என்பதால் அந்தத் திசை கைக்குப் பொருந்திவிட்டது. இன்றும் எம்1911 சுடுகிறவர்கள் கட்டைவிரலை லீவரின் மேலேயே வைத்துச் சுடுவதைப் பார்க்கலாம்.

இதன் பெரிய லாபம், முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை விசை மாறுவதே இல்லை. இரண்டு, இரண்டரை கிலோ அழுத்தம், குறுகிய தூரம், கண்ணாடி உடைவது போன்ற துல்லியமான விடுபடல். குறி பார்த்துச் சுடும் பந்தயங்களில் இந்த வகைக்கு இன்னும் மவுசு குறையாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நஷ்டமும் உண்டு. ஏறிய சுத்தியலைப் பார்த்தாலே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்க ராணுவமே பெரும்பாலும் தோட்டா அறையைக் காலியாக வைத்துத்தான் எம்1911ஐ எடுத்துச் செல்லச் சொன்னது. லீவரின் அளவு இன்னொரு தொல்லை. இதே பிரவுனிங் தொடங்கி, அவர் மறைந்த பிறகு 1935இல் வந்த ஹை-பவர் பிஸ்டலில் பழைய மாடல்களின் சேஃப்டி ஒரு பொட்டு போலச் சிறியது, வழுவழுப்பானது. வியர்த்த கட்டைவிரலுக்கு அகப்படவே அகப்படாது. இந்திய ராணுவத்தின் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இந்த ஹை-பவரின் வழிவந்தது, இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படுவது. சேஃப்டியின் தத்துவம் சரியாக இருந்து லீவர் மோசமாக இருந்தால் என்ன பயன்?

சேஃப்டிக்குச் சாதகமாகக் காவல்துறையினர் சொல்லும் வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கைகலப்பில் காவலரின் துப்பாக்கியை எதிராளி பிடுங்கிக்கொண்டால், பூட்டியிருக்கும் லீவரைத் தேடிக் கண்டுபிடிக்க அவனுக்குச் சில நொடிகளாவது ஆகும். அந்தச் சில நொடிகள் உயிர் காக்கலாம். டீகாக்கரால் இந்த உதவி கிடையாது.

டீகாக்கர் வந்த வழி

1929இல் ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் பிபி பிஸ்டலைக் கொண்டுவந்தது. இதன் விசைக்கு இரண்டு வேலை. சுத்தியல் கீழே இருந்தால் முதல் இழுப்பே அதை ஏற்றி, விடுவித்தும் விடும். சுட்டதும் துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வந்து சுத்தியலை ஏற்றிவிடுவதால் இரண்டாவது குண்டிலிருந்து விசை இலேசாகிவிடும். அப்படியானால், சுட்டு நிறுத்திய பின் ஏறி நிற்கும் சுத்தியலை எப்படி இறக்குவது? ஸ்லைடில் ஒரு லீவர் வைத்து, அதைக் கீழே தள்ளினால் சுத்தியல் இறங்கும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும் என்று வால்தர் செய்தது. 1938இல் ஜெர்மன் ராணுவத்துக்குப் போன பி38இலும் இதே ஏற்பாடுதான்.

பூட்டும் வேலையையே தூக்கி எறிந்துவிட்டு டீகாக்கரை மட்டும் வைத்தது சிக் சாவரின் பி220. 1975இல் சுவிஸ் ராணுவம் அதை ஏற்றது. கைப்பிடியின் இடப்பக்கம், கட்டைவிரல் இருக்கும் இடத்திலேயே லீவர். அழுத்தினால் டக்கென்று சுத்தியல் விழும். ஆனால் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தொடுவதற்கு முன்பே ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றுவிடும். ஃபயரிங் பின்னுக்கென்று இருக்கும் தனிப் பூட்டு விசையை இழுத்தால்தான் விலகும். டீகாக்கரை அழுத்தும்போது விரல் விசையிலேயே இல்லை, ஆகவே அந்தப் பூட்டும் போட்டபடியே இருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர் தோட்டா நிறைந்த துப்பாக்கியின் சுத்தியல் சத்தத்தோடு விழுவதைக் கண்டு திடுக்கிடுவார். இந்தப் பொறியமைப்பு நம்பகமானதுதான். ஆனாலும் குழல் எங்கே பார்க்கிறது என்பதைக் கவனிக்காமல் டீகாக்கரைத் தொடக்கூடாது. தேய்ந்துபோன போர்க்கால பி38களில் இந்த லீவரை நம்பிச் சுத்தியலை விடாதீர்கள் என்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் எச்சரிப்பது சும்மா இல்லை.

டீகாக்கரின் விலையை முதல் குண்டில் கொடுக்கிறோம். ஏறத்தாழ ஐந்து கிலோ இழுப்பு, அடுத்தது அதில் பாதிக்கும் குறைவு. பழகாதவர் முதல் குண்டைத் தாழ்வாகவோ பக்கவாட்டிலோ அடிப்பார். இரண்டாவதை, விசை இவ்வளவு இலேசா என்று உணர்வதற்குள் சுட்டுவிடுவார். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் போன்ற எம்1911 விசுவாசிகள் இந்த ஏற்பாட்டைக் காலமெல்லாம் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயிற்சியால் தீராத குறையாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பயிற்சியையும் இறங்கிய சுத்தியலிலிருந்து தொடங்கினால் போதும். பலர் செய்வது என்ன? முதல் குண்டைக் கனமான விசையில் சுட்டுவிட்டு, மீதி மேகசின் முழுவதையும் இலேசான விசையில் காலி செய்கிறார்கள். அப்புறம் முதல் குண்டு குறிக்குப் போகவில்லை என்று துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள்.

ஒரே பிஸ்டல், மூன்று பதில்கள்

இந்த விவாதத்தை ஒரே துப்பாக்கியில் பார்க்க விரும்பினால் இத்தாலியின் பெரெட்டா 92ஐ எடுத்துக்கொள்ளலாம். 1970களின் நடுவில் வந்த முதல் மாடலில் எம்1911 பாணியில் சட்டத்தின் (கைப்பிடி சேர்ந்த ஃபிரேமின்) மீது சேஃப்டி. டீகாக்கர் இல்லை. இத்தாலியக் காவல்துறைக்காக அடுத்து வந்த 92எஸ்ஸில் லீவர் ஸ்லைடுக்கு ஏறியது, சுத்தியலை இறக்குவதும் பூட்டுவதும் அதே லீவரின் வேலையாயின. 1985இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்று ஏற்றுக்கொண்டது இந்த வரிசையில் வந்ததைத்தான். பிறகு பிரான்சின் ராணுவப் பாணிக் காவல்படையான ஜாந்தார்மரிக்காக 92ஜி வந்தது. லீவர் அதே இடத்தில் இருந்தாலும் சுத்தியலை இறக்கிவிட்டு ஸ்பிரிங்கின் பலத்தில் தானே மேலே திரும்பிவிடும், பூட்டாது.

மூன்றில் எனக்குச் சற்றும் பிடிக்காதது நடுவில் உள்ளது. துப்பாக்கி சிக்கிக்கொண்டால் ஸ்லைடை மேலிருந்து உள்ளங்கையால் பற்றிப் பின்னுக்கு இழுப்பார்கள். அந்த வேகத்தில் விரல் பட்டு லீவர் கீழே போய்விடும். இழுத்தவருக்கு அது தெரியாது. விசையை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடும், சுத்தியல் அசையாது. பரபரப்பான நேரத்தில் துப்பாக்கி பழுதாகிவிட்டது என்றே தோன்றும். போதாக்குறைக்கு இந்த லீவரைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர மேலே தள்ள வேண்டும், எம்1911க்கு நேர் எதிர்த்திசையில். பெரெட்டா நிறுவனமே பின்னர் எம்9ஏ3இல், வேண்டுமானால் இதை ஜி வகையாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. குறையை ஒப்புக்கொண்டதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய முதல் மாடலின் வழி பிரேசிலில் தொடர்ந்தது. அங்கிருந்த பெரெட்டாவின் தொழிற்சாலையை 1980இல் வாங்கிய டாரஸ் நிறுவனம், சட்டத்தின் மீதே லீவரை வைத்துக்கொண்டு, பின்னாளில் அதிலேயே சுத்தியலை இறக்கும் மூன்றாவது நிலையையும் சேர்த்தது. மேலே பூட்டு, நடுவில் சுடும் நிலை, இன்னும் கீழே அழுத்தினால் சுத்தியல் இறங்கும். 1993இல் வந்த ஹெக்லர் அண்ட் கோக் யுஎஸ்பியின் முதல் வகையும் இப்படித்தான். காகிதத்தில் பார்த்தால் இரண்டு உலகின் நன்மையும் கிடைத்துவிட்டது போலிருக்கும். ஆனால் எம்1911 பழக்கத்தில் கட்டைவிரலை லீவர் மேல் அழுத்தி வைத்துச் சுடுகிறவர் தொடர்ந்து சுடும்போது அறியாமலேயே சுத்தியலை இறக்கிவிடுவார். அடுத்த இழுப்பு திடீரென்று கனமாகும். கலப்பு லீவரை வாங்குகிறவர் கட்டைவிரலை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கையால் இறக்குகிறவர்கள்

செக் நாட்டின் சிஇசட் 75ஐ இந்த இரண்டு கட்சியிலும் முழுதாகச் சேர்க்க முடியாது. சுத்தியலை ஏற்றிப் பூட்டியும் வைக்கலாம், இறக்கி வைத்து முதல் குண்டைக் கனமான விசையில் சுடவும் செய்யலாம். ஆனால் அசல் மாடலில் டீகாக்கர் கிடையாது. இறக்கி வைக்க விரும்பினால் கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து, விசையை இழுத்து, சுத்தியல் விடுபட்டதும் விசையை விட்டுவிட்டு, மெல்ல மெல்லக் கீழே கொண்டுவர வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் அமைப்பின் போட்டிகளில் புரொடக்‌ஷன் பிரிவில் இதை நேரில் பார்க்கலாம். அந்தப் பிரிவில் சுத்தியல் இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். அதில் புகழ்பெற்ற சிஇசட் ஷேடோ 2இல் சேஃப்டி உண்டு, டீகாக்கர் இல்லை. விசை மிருதுவாக இருக்கட்டும் என்று ஃபயரிங் பின்னைத் தடுக்கும் உள்பூட்டையும் எடுத்துவிட்டார்கள். எனவே போட்டியாளர் தோட்டாவை ஏற்றியதும் குழலை மண்மேட்டை நோக்கி வைத்து, மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு சுத்தியலைக் கிள்ளிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவார். நழுவினால் குண்டு மண்மேட்டில் போகும், அவர் போட்டியிலிருந்து வெளியேறுவார். நடுவர் பக்கத்தில் நிற்கும் மைதானத்தில் இது சரிதான். வீட்டில் இதைத் தினமும் செய்யத் துணியாதீர்கள். அதற்காகவே டீகாக்கர் வைத்த 75 பிடி மாடல் இருக்கிறது. பி-07 போன்ற பிந்திய மாடல்களில் சேஃப்டியைக் கழற்றி டீகாக்கரை மாட்டிக்கொள்ளவே வழி செய்திருக்கிறார்கள்.

இரண்டுமே வேண்டாம் என்று 1982இல் ஆஸ்திரிய ராணுவத்துக்குள் நுழைந்த கிளாக் 17 ஒரு தனிக் கதை. வெளியே லீவரே இல்லாத பிஸ்டல்கள் அதன் பின்னால் பெருகின. ஆனாலும் 2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் எம்17இல் கட்டைவிரல் சேஃப்டி இருக்கிறது. லீவர் இல்லாமலும் விற்கப்படும் பி320இன் ராணுவ வடிவம்தான் அது.

எதை எடுப்பது

பந்தயத்துக்கோ குறி பார்த்துச் சுடுவதற்கோ மட்டும் என்றால் தயங்காமல் சட்டத்தின் மீது சேஃப்டி உள்ளதை எடுங்கள். விசைதான் அங்கே எல்லாம். உரிமம் பெற்றுப் பாதுகாப்புக்காக வைத்திருப்பவர், மாதக்கணக்கில் சுடாதவர் என்றால் என் ஓட்டு டீகாக்கர் மட்டும் உள்ளதற்கு. நெருக்கடியில் எடுத்தால் விசையை இழுப்பது தவிர வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. உறையில் வைக்கும்போது கட்டைவிரலைச் சுத்தியலின் மேல் வைத்துக்கொண்டால் சட்டைத் துணியோ உறையின் வாரோ விசையில் மாட்டி இழுத்தாலும் சுத்தியல் எழுவது விரலில் உடனே தெரியும். பழகியவர்கள் பலருக்கு இதுவே இந்த வகையை விடாததற்குக் காரணம்.

இந்தியாவில் இந்தத் தேர்வு இவ்வளவு விரிவானதல்ல. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை என்பதால் உரிமதாரர் கையில் இருப்பது பெரும்பாலும் .32 அங்குல வகைதான். பழைய இறக்குமதிகளில் கோல்ட் 1903 கிடைத்தால் அது சேஃப்டி கட்சி, வால்தர் பிபி கிடைத்தால் பூட்டும் டீகாக்கரும் சேர்ந்த கட்சி. கோல்ட் 1903இன் சுத்தியல் ஸ்லைடுக்குள் மறைந்திருப்பதால் ஏறியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் தெரியாது. லீவரின் நிலையை வைத்து அனுமானிக்காமல் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அறையைப் பார்த்துவிடுவதே வழி.

இரண்டு பிஸ்டல் வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்1911இல் லீவர் கீழே என்றால் சுடலாம். வால்தர் பிபியிலும் எம்9இலும் கீழே என்றால் பூட்டு. ரஷ்யாவின் மக்காரவில் லீவர் ஸ்லைடில்தான் இருக்கிறது, ஆனால் கீழே என்றால் சுடலாம். ஒன்றில் பழகிய கட்டைவிரல் மற்றொன்றில் தவறாகவே போகும். இரண்டாவது பிஸ்டல் வாங்கும்போது தரம், விலை, தோட்டா எல்லாம் பார்த்த பிறகு, லீவர் முதலாவதின் திசையிலேயே நகர்கிறதா என்று கடையிலேயே காலித் துப்பாக்கியில் தள்ளிப் பாருங்கள். இடதுகைக்காரரானால் லீவர் வலப்பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். சிஇசட் 75இல் அது இல்லை, 85இல் உண்டு.