ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா: எது அதிகம்?

மூச்சிரைப்பு என்றாலே ஆஸ்துமா என்கிறோம். ஆனால் இந்தியாவில் 2016 மதிப்பீட்டின்படி ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.8 கோடி, சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களோ 5.5 கோடி.

ஆஸ்துமா பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கி, வந்து வந்து போகும். சி.ஓ.பி.டி. 40 வயதுக்குப் பிறகு மெல்லக் கூடும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, விறகடுப்புப் புகையும் காரணம். புகைப்பவர்களுக்கே வரும் என்று நினைப்பதால்தான் புகைக்காத பெண்களிடம் இது கவனிக்கப்படாமல் போகிறது.

இரண்டையும் பிரித்தறிய, கருவியில் ஊதி மூச்சுக்காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அவசியம். ஒருமுறை ஊதிய பின், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் இழுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊத வேண்டும். முதல் நொடியில் ஊதும் காற்று முன்பைவிட 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மருந்துக்குப் பிறகும் அது ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி.யைச் சந்தேகிக்க வேண்டும். ஊதுவதைப் பாதியில் நிறுத்தினால் மொத்த அளவு குறைந்து, இந்தச் சதவீதம் கூடுதலாகத் தெரியும்; அடைப்பு இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும்.