பயிற்சி ஆண்டில் விருதா, வேலையில் சேர்ந்த பிறகா?

இங்கிலாந்தில் வணிகவியல், பொருளாதாரம் கற்பிக்க வரும் புதியவரை விருதுக்குப் பரிந்துரைக்க இரண்டு கட்டங்கள் உண்டு: பயிற்சிக் காலம், அப்புறம் வேலையின் தொடக்க ஆண்டுகள்.

ஓராண்டுப் பட்டமேற்படிப்புப் பயிற்சியில் இருப்பவர் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருப்பார், அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது. வகுப்பு இன்னொருவருடையது. அதனால் தேர்வு முடிவைக் காட்டிப் பரிந்துரைக்க வழியில்லை. ஒரு பாடவேளையைக் கூர்ந்து பார்க்க வேண்டியதுதான். உதாரணமாக, ஒரு பொருள் எந்த விலையில் எவ்வளவு வாங்கப்படும் என்று காட்டும் தேவைக் கோடே இடம் மாறுவதையும், அதே கோட்டின் மேல் நகர்வதையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். உடனே பலகையை அழித்துவிட்டு, ‘சரி, பேருந்துக் கட்டணம் ஏறினால் என்ன ஆகும்? பயணிகளின் வருமானம் ஏறினால்?’ என்று மறுபடி தொடங்குகிறாரா? எனக்கு அது போதும்.

வேலையில் சேர்ந்தவரிடம் சான்றுகள் கூடுதல். 2021 செப்டம்பரிலிருந்து, புதிய ஆசிரியருக்கு ஆதரவு தரும் தொடக்கக் காலம் (induction) இரண்டு ஆண்டுகள். முதலாண்டில் 10 சதவீதம், அடுத்த ஆண்டில் 5 சதவீதம் பாடவேளையைக் குறைத்துத் தருகிறார்கள். மற்றதெல்லாம் அவர் தலையில். சில பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். ஆனால் நல்ல மதிப்பெண்ணில் முன்பு கற்பித்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒன்றுதான் தர முடியும் என்றால், வேலையில் இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கே தருவேன். பயிற்சிக்கால விருது வேலை தேடும்போது கைகொடுக்கும், அது தனிக் கணக்கு.