ஏற்காட்டுல யூஸ்டு ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) கார் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு போங்க

சேலம் பக்கம் பழைய ஆர்சி கார் வாங்குறவங்க, முக்கியமா என்னை மாதிரி வாங்கி சர்வீஸ் பண்ணி திருப்பி விக்கிறவங்க, "எஸ்டேட் வீட்டை காலி பண்றோம், பையன் வெளிநாடு போயிட்டான், அவனோட கார் எல்லாம் குடுக்குறோம்"னு ஏற்காட்டுல இருந்து ஒரு ஆள் பேசினா தயவுசெஞ்சு உஷாரா இருங்க. என்கிட்ட 26,000 ரூபா வாங்கிட்டு, காட்டினது ஒரு வண்டி, அனுப்பினது வேற வண்டி.

காட்டினது ட்ராக்ஸஸ் கம்பெனியோட ஸ்லாஷ் மாடல், ஃபோர் பை ஃபோர் (நாலு வீலுக்கும் பவர் போறது), வி.எக்ஸ்.எல் (ப்ரஷ்லெஸ் மோட்டார் வச்ச வெர்ஷன்). ஏரிக்குப் பக்கத்துல ஒரு காலி இடத்துல ஓட்டியே காட்டினான். நானும் பாடியைக் கழட்டி, திருப்பிப் போட்டு அடியில எல்லாம் பார்த்தேன், முன் வீலுக்கும் ட்ரைவ் ஷாஃப்ட் இருந்துச்சு, மோட்டார்ல இருந்து ஈ.எஸ்.சிக்கு (ஸ்பீடை கண்ட்ரோல் பண்ற சர்க்யூட்) மூணு வயர் போச்சு, அதாவது ப்ரஷ்லெஸ் மோட்டார், டிஃப்ல (வீலுக்குப் பவரைப் பிரிச்சுக் குடுக்குற கியர்) கரகர சத்தம் இல்ல, போட்டோவும் எடுத்து வச்சேன். விலை பேசி ஜிபேல பணம் போட்டதும் தான் "அண்ணா, சார்ஜர், பாக்ஸ், ஸ்பேர் ஆர்ம் (வீலைத் தாங்குற சஸ்பென்ஷன் கை) எல்லாம் நாகலூர் வீட்ல இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா பேக் பண்ணி காலைல கீழ வர்ற டெம்போல குடுத்து விடுறேன், அஸ்தம்பட்டில வாங்கிக்கோங்க"ன்னான். அவ்ளோ நேரம் மரியாதையா பேசின ஆள், மழையும் பிடிச்சுக்கிச்சு, சரின்னு பைக்கை எடுத்துட்டு இறங்கிட்டேன்.

மறுநாள் வந்த பெட்டியில மேல பார்த்தா அதே பாடி, பின்னாடி அதே கீறல், அதே வி.எக்ஸ்.எல் ஸ்டிக்கர். க்ளிப்பைக் கழட்டிப் பார்த்தா உள்ள இருந்தது டூ வீல் ட்ரைவ் எக்ஸ்.எல்-5, அதாவது பின் வீல் ரெண்டுக்கு மட்டும் பவர் போற, விலை கம்மியான ஸ்லாஷ். முன் வீலுக்கு ஷாஃப்டே கிடையாது, மோட்டாருக்கு ரெண்டே வயர், சாதா டைட்டன் 12டி ப்ரஷ்டு மோட்டார். ஸ்லாஷ்ல டூ வீல் ட்ரைவுக்கும் ஃபோர் பை ஃபோருக்கும் ஒரே பாடி உட்காரும், அந்த ஒரு விஷயத்தை வச்சுத்தான் சட்டையை மட்டும் மாத்திப் போட்டு அனுப்பியிருக்கான். புதுசு வாங்கினாலே ரெண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம்.

அது மட்டும் இல்ல. வீல் பேரிங் எல்லாம் துரு, மலை மேல ஈரத்துலயும் சேத்துலயும் ஓட்டிட்டு காய வைக்காம அப்படியே மூடி வச்சிருக்காங்க. சர்வோ (வீலைத் திருப்புற சின்ன மோட்டார்) நடுவுல நிக்காம ஒரு பக்கமா இழுக்குது. இதையெல்லாம் கூட மாத்திக்கலாம்ங்க, எனக்கு வயிறு எரிஞ்சது பேட்டரியைப் பார்த்துத்தான். 2எஸ் லைப்போ (ரெண்டு செல் இருக்குற லித்தியம் பேட்டரி), லேசா உப்பியிருக்கு, செல் செக்கர் போட்டா ஒரு செல் 3.8 வோல்ட், இன்னொண்ணு 2.6. மூணு வோல்ட்டுக்குக் கீழ போன செல்லை திரும்ப சார்ஜ் போட்டா தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. இந்த வண்டிக்கு ஆத்தூர்ல ஒரு எட்டாவது படிக்கிற பையன் காத்துட்டு இருந்தான், அவங்க அப்பா அட்வான்ஸ் குடுத்திருந்தார். அந்தப் பேட்டரி அப்படியே அந்த வீட்டுக்குப் போய், ராத்திரி கட்டில் பக்கத்துல சார்ஜ்ல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? உப்பின லைப்போக்கு விலையே கிடையாது, ஃப்ரீயா குடுத்தாலும் வாங்காதீங்க.

போன் பண்ணா "நீங்க பார்த்து ஓகே சொன்னதைத்தான் அனுப்பினேன்"னு ஒரே பேச்சு. அடிப்பக்கம் எடுத்த போட்டோவை அனுப்பினதும் ப்ளாக் பண்ணிட்டான். சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கால் பண்ணி கம்ப்ளெய்ண்ட் பதிஞ்சிருக்கேன், பணம் இன்னும் வரல. ஆத்தூர்காரருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

இப்ப இதை எழுதுறதுக்குக் காரணம், அதே ஆள் வேற நம்பர்ல இருந்து "1984 ஒரிஜினல் டமியா ஹார்னெட், தாத்தா ஜப்பான்ல வாங்கினது"ன்னு போட்டோ அனுப்பிட்டு இருக்கான், என் ஃப்ரெண்டுக்கே வந்துச்சு. ஹார்னெட், டமியாங்கிற ஜப்பான் கம்பெனியோட ஆர்சி கார், 1984ல வந்தது உண்மைதான், ஆனா அதோட கிட் (பிரிச்சு வர்ற, நாமளே பூட்டுற பெட்டி) நம்பர் 58045. இவன் அனுப்பின பாக்ஸ் ஓரத்துல தெளிவா 58336னு இருக்கு, அது 2004ல டமியா திரும்ப விட்ட ரீ-ரிலீஸ். அதுவும் நல்ல வண்டிதான், ஓட்டுறதுக்கு வாங்குறவங்க தாராளமா வாங்கலாம், ஆனா நாப்பது வருஷப் பழசுக்கான விலையை அதுக்குக் குடுக்க முடியாது. பாக்ஸை மாத்தி வச்சு காட்டினாலும் உள்ள பாருங்க, அந்தக் காலத்து கிட்ல ஸ்பீடு கண்ட்ரோல் மெக்கானிக்கல், ஒரு சர்வோ கையை அசைச்சு ஸ்பீடு மாத்தும், கூடவே சூடாகுற ரெசிஸ்டர் இருக்கும். இவன் போட்டோல எலக்ட்ரானிக் ஈ.எஸ்.சி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், ரெண்டுமே பின்னாடி வந்த சமாச்சாரம். ரேடியோ பின்னாடி மாத்தியிருக்கலாம், சரி. ஆனா "பெட்டியை விட்டு எடுக்கவே இல்ல"ன்னும் அவனே சொல்றானே?

எனக்குக் காட்டின அந்த நிஜ ஃபோர் பை ஃபோர் இன்னும் அவன் கையிலதான் இருக்கணும், யாருக்காவது விக்கப் பார்ப்பான். முன் பம்பர் இடது ஓரம் உடைஞ்சு எம்-சீல் வச்சு ஒட்டியிருக்கும், பின் வலது ஆர்ம் மட்டும் சிவப்பு கலர். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் யார்கிட்டயாவது அந்த வண்டி வந்தா பணம் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அடிப்பக்கம் எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பி வைக்கிறேன்.