நாகர்கோவில் டீசல் பம்ப் பணிமனை: கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கிறார்கள்

டீசல் பிக்கப் வண்டியின் எரிபொருள் பம்ப் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் சொன்னவுடன் உரிமையாளர் முன் இரண்டு வழிகள்தான் வைக்கப்படுகின்றன. ஒன்று, புதிய பம்ப் வாங்குவது. மற்றொன்று, இருப்பதைக் கழற்றி எங்காவது சர்வீஸ் செய்து வாங்கி மாட்டுவது. நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம் இயங்கும் இந்தப் பம்ப், இன்ஜெக்டர் (டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் பாகம்) பணிமனையை நான் மதிப்பதற்குக் காரணம், இவ்விரண்டுக்கும் முன்பாக, பம்ப் எதனால் பழுதானது என்பதைக் கண்டுபிடித்தே தீருவது என்று அவர்கள் நிற்பதுதான். அந்தக் காரணத்தைக் களையாமல் மாட்டப்படும் புதிய பம்பும் அதே வழியில்தான் போகும் என்பதை எங்கள் வண்டியை வைத்தே அவர்கள் எனக்குக் காட்டினார்கள்.

எங்களுடையது காமன்ரெயில் வகை டீசல் பிக்கப். அதாவது, உயர் அழுத்தப் பம்ப் தள்ளும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் அழுத்தத்தோடு நின்று, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல் துறைமுகங்களிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்வதுதான் அதன் முதன்மையான வேலை. திரும்பும்போது கிடைத்தால் வாழைக்குலை. முதலில் காலை நேர ஸ்டார்ட்டிங் தாமதமானது. ஃபில்டருக்கு அருகிலுள்ள கைப்பம்பைச் சில முறை அழுத்தினால் உடனே எடுத்துக்கொள்ளும். அழுத்தாவிட்டால் பேட்டரி களைக்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு ஏற்றத்தில் லோடுடன் இழுவை குறைந்தது, டேங்கில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் மோசம். கடைசியில் அழகியமண்டபம் அருகே, மீன் பெட்டிகளோடு வண்டி நின்றே போனது. சரக்கை வேறொரு வண்டிக்கு மாற்றி அனுப்பினோம். மீன் காத்திருக்காது.

இங்கு வருவதற்கு முன் காட்டிய வேறொரு வொர்க்‌ஷாப்பில் பம்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஸ்கேனரில் வந்த ‘பி 0087’ என்ற பிழைக் குறியீடு ஒன்றைத் தவிர அவர்கள் காட்டிய ஆதாரம் வேறில்லை. அந்தக் குறியீடு சொல்வது ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பதை மட்டும்தான். உயர் அழுத்தப் பம்ப் தேய்ந்திருந்தாலும் அது வரும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும். இன்ஜெக்டர்கள் அளவுக்கு மீறி ரிட்டர்ன் விட்டாலும் (டீசலைப் பீச்சாமல் டேங்குக்கே திருப்பி அனுப்பினாலும்), ரெயிலின் அழுத்த வால்வு ஒழுகினாலும், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்தாலும் அதே குறியீடுதான் வரும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து விலையுயர்ந்த பாகங்களை மாற்றச் சொல்வது, காய்ச்சல் இருக்கிறது என்பதற்காகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது.

வெட்டூர்ணிமடம் பணிமனையில் வண்டி உள்ளே வந்ததும் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் கணினி கேட்கும் அழுத்தத்தையும் ரெயிலில் உண்மையில் ஏறும் அழுத்தத்தையும் அருகருகே எனக்குக் காட்டினார்கள். இத்தகைய இன்ஜின்களில் ரெயில் அழுத்தம் வண்டியைப் பொறுத்து ஏறத்தாழ 150 முதல் 250 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொட்டால்தான் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்க அனுமதிக்கும். முழு லோடில் 1,600 பார் அளவுக்கு அது உயரும். எங்கள் வண்டியில் முள் தொடக்க அளவுக்கே வரவில்லை. இதை வைத்தே பம்பைக் குற்றம் சாட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இணைத்தார்கள். எங்கள் வண்டியில் டேங்குக்குள் மின் பம்ப் கிடையாது. உயர் அழுத்தப் பம்பின் உடலோடு சேர்ந்த சிறிய கியர் பம்ப்தான் வண்டியின் பின்பகுதியில் உள்ள டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் தெரியாததால் பல மெக்கானிக்குகள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. கைப்பம்பை அழுத்தி, செல்ஃப் அடித்தபோது அந்தக் குழாயில் குமிழ்கள் இடைவிடாமல் ஓடுவதைக் கண்ணால் கண்டேன். பிறகு ஒரு சிறு கேனில் சுத்தமான டீசலை வைத்து, வண்டியின் குழாயைத் தவிர்த்து நேரடியாகப் பம்புக்குக் கொடுத்தார்கள். இன்ஜின் பிடித்தது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது அழுத்தம் மீண்டும் தளர்ந்தது. குழாயில் காற்று புகுவது இந்த ஒரு சோதனையில் தெளிவாகிவிட்டது, பம்பிலும் தேய்மானம் இருக்கலாம் என்று தெரிந்தது.

இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி நான்கு அளவுக் குப்பிகளில் விட்டு, இன்ஜினை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, சேர்ந்த டீசலை ஒப்பிட்டார்கள். மூன்றில் ஏறத்தாழ ஒரே மட்டம், ஒன்றில் சற்று அதிகம். அந்த ஒன்றும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதால் இப்போது தொட வேண்டாம் என்றார்கள். நான்கையும் மாற்றச் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன். அந்த இடத்தில்தான் இவர்கள் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

குழாய் எங்கே போயிருந்தது என்பது கடலோரத்தில் லோடு ஓட்டுபவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி. மீன் பெட்டிகளிலிருந்து உருகும் ஐஸ் நீர் உப்போடு சேர்ந்து தளத்தின் இடுக்குகள் வழியாகச் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது வடிகிறது. எரிபொருள் செல்லும் இரும்புக் குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில் அந்த உப்பு நீர் தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பெயின்ட் நன்றாகவே இருக்கும். கிளாம்பை எடுத்தபோது குழாய் செதில் செதிலாக உதிர்ந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் இதுதான் காரணம்: இரவு முழுவதும் அந்தத் துளை வழியாகக் காற்று நுழைந்து, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. டேங்கின் மட்டம் குறையக் குறைய உறிஞ்ச வேண்டிய உயரம் கூடுகிறது, காற்றும் அதிகம் வருகிறது. வண்டி காட்டிய அடையாளங்கள் அனைத்தும் அந்தக் கிளாம்புக்கு அடியில் ஒன்று சேர்ந்தன.

“பம்பை மட்டும் செய்து தந்தால் அடுத்த மழைக்கு முன்னால் திரும்ப வருவீங்க அண்ணாச்சி, டேங்கிலும் வெள்ளம் கிடக்கு” என்று பணிமனையின் மூத்த மெக்கானிக் சொன்னார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் தண்ணீர். ஃபில்டரின் அடியிலிருந்து வடித்ததில் டீசலுக்குக் கீழே தண்ணீர் தனி அடுக்காக நின்றது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. கடற்காற்றின் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கிறது. பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் அந்த ஈரம் நீராகப் படியும்.

தண்ணீரும் காற்றும் பம்பைத் தேய்ப்பதற்குக் காரணம் எளிது. இந்தப் பம்பின் உள்ளே முன்னும் பின்னும் ஓடி டீசலை அழுத்தும் உலோகத் தண்டுகளான பிளஞ்சர்களுக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் டீசலே அவற்றுக்கு மசகு. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தின் ஆறாம் நிலை) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிஎஸ் 4 டீசலில் அது 50 பங்காக இருந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், அதை ஈடுசெய்யும் சேர்மானம் கலந்தே டீசல் விற்பனைக்கு வருகிறது. ஐஎஸ் 1460 தர விதியின்படி, தேய்மானச் சோதனையில் உண்டாகும் வடு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. ஆகவே புதிய டீசலில் எண்ணெய்ப் பசை இல்லை என்று சொல்லி டேங்கில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கான எண்ணெய்) ஊற்றும் பழக்கம் தேவையற்றது. புகைக் குழாயில் துகள் வடிகட்டி உள்ள பிஎஸ் 6 வண்டிகளில் அந்த ஆயிலின் சாம்பல் வடிகட்டியை அடைக்கவும் கூடும். மண்ணெண்ணெய் கலப்பது அதைவிடக் கேடு, ஏனெனில் அது இருக்கும் வழுவழுப்பையும் குறைத்துவிடும். தண்ணீர் கலந்த டீசலுக்கு எந்தச் சேர்மானமும் துணை நிற்காது.

பம்பைத் திறக்கும் முன், அதன் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் நுண்வலையில் உலோகத் துகள் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தார்கள். பளபளக்கும் துகள் இருந்திருந்தால் பம்ப் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது அந்தத் துகள் ரெயில், இன்ஜெக்டர்கள், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும், எல்லாவற்றையும் மாற்றவோ கழுவவோ வேண்டியிருக்கும். எங்கள் வண்டியில் துரு மட்டுமே இருந்தது. எனவே தேய்ந்த பிளஞ்சர் தொகுதியையும் சீல்களையும் கட்டுப்பாட்டு வால்வையும் மாற்றினால் போதும் என்று முடிவு செய்து, கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறையில் பம்பைப் பிரித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், மின்விசிறி இல்லை. தூசிக்கு அவர்கள் காட்டும் அச்சம் எனக்குப் பிடித்திருந்தது. முடிந்த பிறகு டெஸ்ட் பெஞ்ச் எனும் சோதனை மேடையில் வெவ்வேறு வேகங்களில் பம்ப் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்பதைப் பழுதுக்கு முன், பின் என இரண்டு தாள்களாக அச்சிட்டுத் தந்தார்கள். பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏர் எடுக்கும் முறையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் கை போகும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நாசில் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவோம். அந்தப் பழக்கத்தில் காமன்ரெயில் வண்டியிலும் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தும் மெக்கானிக்குகள் நம் சாலையோரங்களில் இன்றும் இருக்கிறார்கள். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார். இங்கே பீறிடுவது நூற்றுக்கணக்கான பார். ஊசி முனை அளவு டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பணிமனையில் இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கக் காத்திருந்து, அதன் பிறகே குழாயைத் தொடுகிறார்கள். காற்றைக் கைப்பம்பாலேயே எடுக்கிறார்கள். புதிதாக வேலை கற்கும் பையன்களிடம் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

மொத்தச் செலவு, குழாயை மாற்றியது, டேங்கை இறக்கிக் கழுவியது, புது ஃபில்டர் எல்லாம் சேர்த்தும், புதிய பம்ப் ஒன்றின் விலையில் பாதியைச் சற்றே தாண்டியது. முதலில் கேட்ட வொர்க்‌ஷாப்பின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. அதன் பிறகு ஒரு முழு மழைக்காலத்தை வண்டி கடந்திருக்கிறது; தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்கங்களில் முழு லோடோடு இழுவை குறையவில்லை, காலையில் கைப்பம்பைத் தொடவும் இல்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. பிளஞ்சர் தொகுதி வெளியூரிலிருந்து வரத் தாமதமானபோது அதை அவர்களாக அழைத்துச் சொல்லவும் இல்லை. தினக்கூலிக்கு ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. சோதனைக்கான கட்டணம் தனி என்பதை முன்கூட்டியே எழுதித் தந்திருக்கலாம். உத்தரவாதம் பம்புக்கு மட்டும்தான், அதுவும் அவர்களே மாட்டியிருந்தால் மட்டுமே. வேறிடத்தில் கழற்றிய பம்பைக் கையில் எடுத்துச் சென்றால் பெஞ்ச் வேலை செய்து தருவார்களே தவிர உத்தரவாதம் தருவதில்லை. அது நியாயமானது என்றே நினைக்கிறேன், ஆனால் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டியை நாகர்கோவில் வரை இழுத்து வருவதே பெரும் செலவு. வண்டி நின்ற இடத்துக்கு ஆள் அனுப்பும் வசதி இவர்களிடம் இல்லை.

போகிறவர்கள் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் கொண்டு செல்வது நல்லது. டேங்கை இறக்குவதும் எளிது, காற்று இழுக்கும் பழுதும் அப்போதுதான் ஒளியாமல் வெளிப்படும். முன்பு மாற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள், அதை அறுத்துப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மீன் லோடு ஓட்டுபவர்கள் லோடு இறக்கிய பிறகு தளத்தை மட்டும் கழுவாமல் சேஸிஸின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், மழைக்காலத்தில் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தெளிந்த டீசல் வரும்வரை வாரந்தோறும் வடித்துவிட வேண்டும் என்று கிளம்பும்போது சொன்னார்கள். எங்கள் ஓட்டுநர் இப்போது இரண்டையும் தவறாமல் செய்கிறார்.