டே கேர் மூடியிருந்த நாட்களுக்கும் கட்டணம்: ஐந்து வருடம் கட்டிப் பார்த்தவளின் அனுபவம்

மூத்தவனை முதன்முதலில் டே கேரில் விட்டபோது அவனுக்குப் பதினோரு மாதம். இப்போது இளையவளும் இன்னும் சில மாதங்களில் பள்ளிக்குப் போகப் போகிறாள். இடையில் ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஒரு பெரிய மையம், ஒரு அக்கா வீட்டிலேயே நடத்திய காப்பகம், அப்புறம் இன்னொரு மையம் என்று மூன்று இடங்களில் கட்டணம் கட்டியிருக்கிறேன். சுத்தம், பாதுகாப்பு, பார்த்துக்கொள்பவர்களின் பொறுமை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். சேர்ப்பதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை நான் எழுதுகிறேன். அவர்கள் கதவைப் பூட்டியிருக்கும் நாளுக்கு நாம் பணம் கட்ட வேண்டுமா?

முதல் வருடம் கேட்டிருந்தால் கூடவே கூடாது என்று சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லா நாளுக்கும் கட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

முதல் மையத்தில் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. சேர்ந்த வருடக் கடைசியில் இரண்டு வாரம் மூடினார்கள். ஒரு வாரம் நான் லீவு போட்டேன், இன்னொரு வாரம் என் கணவர் போட்டார். அடுத்த மாத ரசீது வழக்கம்போல முழுத் தொகைக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தில் லீவும் போச்சு, இங்கே பணமும் போச்சு என்ற நினைப்போடு பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 260 நாள். அரசு விடுமுறை, வருடாந்திர மூடல், ஊழியர் பயிற்சி எல்லாம் சேர்த்து அவர்கள் 20 நாள் மூடுகிறார்கள். மீதி 240. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 20 நாள். "நீங்கள் மாதாமாதம் கட்டுவது அந்த 20 நாளுக்குத்தான். 23 நாள் திறந்திருக்கும் மாதத்திலும் இதே தொகைதானே கட்டுகிறீர்கள்?" என்றார். உண்மைதான். அந்த மாதங்களில் மூன்று நாளுக்குக் குறைவாகக் கட்டுகிறோமே என்று நான் ஒருநாளும் போய் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து நானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு குழந்தையிடமிருந்து 26,000 வந்தால்தான் அந்த இடம் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். 260 நாளுக்கும் வாங்கினால் நாளுக்கு 100. திறந்திருக்கும் 240 நாளுக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் நாளுக்கு 108 சொச்சம் வாங்க வேண்டும். பெயர்தான் மாறுகிறது, என் கையிலிருந்து போவது அதேதான். ஏனென்றால் மூடிய நாளில் அவர்களுடைய செலவு பெரிதாகக் குறைவதில்லை. வாடகையும் காப்பீடும் நிற்காது. பெரிய செலவு சம்பளம், அதுவும் நிற்காது. கைக்குழந்தைகள் என்றால் மூன்று பேருக்கு ஒருவர், நான்கு பேருக்கு ஒருவர் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. ஒரு குழந்தை வரவில்லை என்பதற்காக ஊழியரில் கால் பங்கைக் குறைக்க முடியாது. என் பையனுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவன் வராத நாளில் வேறு குழந்தையைச் சேர்க்கவும் முடியாது.

இந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் கட்டணத்தை 240-ஐ வைத்து நிர்ணயித்துவிட்டு, ரசீதை 260 நாளுக்குப் போடுகிறார்கள் என்றால் மூடிய நாளுக்கு இரண்டு தடவை வாங்குகிறார்கள் என்று அர்த்தம். நாள் கணக்கில் பணம் வாங்கும் இடங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். மூடும் நாட்கள் இந்தத் தொகைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பே இல்லை.

அந்த மையம் எங்களுக்குத் தூரமாகிவிட்டதால் பையனை மாற்ற வேண்டி வந்தது. இரண்டாவது இடம், நான் முதலில் சொன்ன அக்காவின் வீடு. நான்கு குழந்தைகள், பார்த்துக்கொள்ள அவர் ஒருவர் மட்டும். திறந்திருக்கும் நாளுக்குத்தான் பணம், மூடினால் கிடையாது. நான் ஆசைப்பட்ட ஏற்பாடு அப்படியே கிடைத்துவிட்டது என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

சில மாதம் போன பிறகுதான் ஒன்று கவனத்தில் பட்டது. அக்கா மூடுவதே இல்லை. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது. "இன்னிக்கு லீவு விட்டுருக்கலாமே அக்கா" என்றேன். "மூடினா நாலு வீட்டுக் காசும் போயிடுமேம்மா" என்றார். எனக்கும் அன்று அலுவலகத்தில் தள்ளிப்போட முடியாத வேலை. மனசு கேட்காமலேயே பையனை விட்டுவிட்டுப் போனேன். அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல், இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல். நான் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அக்கா வீடு அந்த நான்கு நாளும் திறந்திருந்ததால் அதற்கும் பணம் கட்டினேன். அவருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்காமல் நான் மிச்சப்படுத்தியதைவிட எத்தனையோ மடங்கு அந்த வாரத்தில் போய்விட்டது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூடினால் பணம் இல்லை என்ற நிபந்தனை நமக்குச் சாதகம் போலத் தெரியும். தனியாக நடத்தும் ஒருவருக்கு அது, உடம்பு சரியில்லாமல் இருந்தாலும் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமாகிவிடுகிறது. குழந்தைகள் நடுவில் இருக்கிறவருக்கு அந்தக் கட்டாயம் வரவே கூடாது. காய்ச்சல் என்றால் அவர் நிம்மதியாக மூடிவிட்டுப் படுக்க வேண்டும். அதற்காகக் கட்டும் ஒரு நாள் பணம் என் குழந்தையின் உடம்புக்காகக் கட்டும் பணம்தான்.

அப்புறம் விடுமுறைகள் வரிசையாக வந்த ஒரு மாதத்தில் அவருடைய வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த மாதம் நாங்கள் நான்கு வீட்டுக்காரர்களும் வழக்கம்போலச் சம்பளம் வாங்கினோம். யாருக்கும் இது உறைக்கவில்லை, எனக்கும்தான். எட்டாவது மாதம் அவர் மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலையில் சேரப் போவதாகச் சொன்னார். மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். "மாசம் ஒரு நாள் லீவுக்கும் பணம் தர்றோம் அக்கா, இருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்மா" என்றார். என் பையன் அவரிடம் நன்றாக ஒட்டியிருந்தான். புது இடத்தில் முதல் இரண்டு வாரம் காலையில் அவர் பெயரைச் சொல்லித்தான் அழுதான். அவரைப் போக விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். புது இடத்துக்குப் பதிவுக் கட்டணம், முன்பணம் என்று மறுபடி கட்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் என் நினைவுக்கு வரும்.

மூன்றாவது இடம் மறுபடி ஒரு மையம். பின்னால் இளையவளும் அங்கேயே சேர்ந்தாள். முதல் இடத்தில் கற்றுக்கொண்டதால் வருடாந்திர மூடல்களுக்குக் கட்டணம் உண்டு என்பதை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை வந்தது திடீர் மூடல்களில். தண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு நாள். கை, கால், வாய் நோய் பரவி மூன்று நாள். ஊழியர்கள் போதவில்லை என்று அவ்வப்போது ஒவ்வொரு நாள். ஒரே வருடத்தில் ஒன்பது நாள். செய்தி வருவது பெரும்பாலும் காலை ஏழு மணிக்கு முன்னால், நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது. இவை மாதக் கட்டணக் கணக்கில் இருந்த நாட்கள் அல்ல. இருந்தும் ஒன்பது நாளுக்கும் முழுக் கட்டணம் வாங்கினார்கள். தவிர்க்க முடியாத காரணங்களால் மூடினால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒன்பது நாளில் மூன்று நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளுக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன். ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மாலையில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அபராதம். நான் தாமதித்தால் அவர்களுடைய ஊழியர் காத்திருக்க வேண்டும், அபராதம் நியாயம்தான். ஆனால் நான் பத்து நிமிடம் தவறினால் பணம், அவர்கள் ஒரு முழு நாள் தவறினாலும் பணம், இரண்டையும் கட்டுவது நானே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அபராதம் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்து டே கேர்களில் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியானது. சில மையங்களில் தாமதத்துக்குச் சின்ன அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காசு கொடுத்துவிட்டோம், அப்புறம் தாமதமாகப் போனால் என்ன என்று பெற்றோருக்குத் தோன்றிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருந்தது. எல்லாவற்றையும் காசாக்கிப் பேசினால் நம் குழந்தையைத் தினமும் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களோடு இருக்கும் உறவு கெட்டுப்போகலாம். அதனால் கடிதம் எழுதும் முன் நிறையத் தயங்கினேன்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது இதே கேள்வி பல நாடுகளில் எழுந்தது. அப்போது மூத்தவன் பிறக்கவில்லை, பின்னால்தான் படித்தேன். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் அந்த ஏப்ரலில் இந்தப் புகார்களைக் கையில் எடுத்தது. கிடைக்காத சேவைக்கு நுகர்வோர் பொதுவாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று நெருக்குவது சரியல்ல என்பது அதன் நிலை. ஆஸ்திரேலிய அரசு ஏப்ரல் 6 முதல் ஜூலை 12 வரை மையங்களுக்குத் தானே பணம் கொடுத்து, பெற்றோருக்குக் கட்டணம் இல்லாமல் செய்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. மூடினாலும் செலவு எங்கேயும் போய்விடுவதில்லை, யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். அந்த மூடலைத் தவிர்க்க யார் கையில் வழி இருக்கிறதோ அவர் சுமந்தால்தான் மூடல் குறையும்.

ஊழியர் போதவில்லை என்றால் மாற்று ஆள் ஏற்பாடு செய்ய மையத்தால் முடியும், என்னால் முடியாது. குழாயைப் பராமரிப்பதும் அவர்கள் வேலைதான். முன்கூட்டியே அறிவித்த விடுமுறையில் தவிர்க்க வேண்டியது எதுவும் இல்லை, அது விலைக்குள் அடங்கட்டும். என் குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது நாங்களே ஊருக்குப் போகிறோம் என்றால் அது என் பொறுப்பு, கட்டிவிடுகிறேன். அரசு உத்தரவால் மூடினால் இருவர் கையிலும் இல்லை, அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அக்காவைப் போலத் தனியாக நடத்துகிறவரிடம் மாற்று ஆள் கேட்க முடியாது. அவருக்கு வருடத்துக்கு இத்தனை நாள் என்று சம்பளத்தோடு லீவு தருவதுதான் சரி.

ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். குற்றம் சொல்லும் தொனி வரக்கூடாது என்பதற்காக மூன்று தடவை திருத்தினோம். வருடத் தொடக்கத்திலேயே மூடும் நாட்களின் பட்டியல் வேண்டும். திடீரென்று மூடினால் அந்தத் தொகையை அடுத்த மாத ரசீதில் கழிக்க வேண்டும். இந்த இரண்டையும்தான் கேட்டோம். பட்டியலுக்கு உடனே சம்மதித்தார்கள். இரண்டாவதற்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வருடத்தில் முதல் மூன்று திடீர் நாளுக்குக் கட்டணம் உண்டு, நான்காவது நாளிலிருந்து கழித்துவிடுகிறோம் என்றார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது போதும் என்று பட்டது. எந்த இடத்திலும் வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் எதிர்பாராமல் நடந்துவிடும்.

அடுத்த வருடம் திடீர் மூடல் நான்கு நாளாகக் குறைந்தது. ஆள் குறையும் நாட்களில் வந்து நிற்க ஒருவரை ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். குழந்தைகளை அறைமாற்றிச் சமாளித்த நாட்களும் உண்டு. அந்த நான்காவது நாளுக்கான தொகை நாங்கள் ஞாபகப்படுத்தாமலேயே ரசீதில் கழிந்து வந்தது. ஊழியர்களோடு இருந்த உறவும் கெடவில்லை. இளையவளைப் பார்த்துக்கொண்டவர் ஒருநாள் என்னிடம், இப்போதெல்லாம் உடம்பு முடியவில்லை என்று லீவு கேட்டால் மேடம் முகம் சுளிப்பதில்லை, மாற்று ஆள் இருக்கிறார் என்றார். நாங்கள் கடிதம் எழுதியபோது இதை யோசிக்கவே இல்லை.

இப்போது சேர்க்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கட்டணத் தொகைக்குப் பக்கத்திலேயே நின்றுவிடாதீர்கள். மூடும் நாட்கள் எத்தனை, திடீரென்று மூடினால் என்ன, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவிர்க்க முடியாத காரணம் என்ற சொல் இருந்தால் அதில் ஆள் பற்றாக்குறையும் சேருமா என்று கேளுங்கள். வாயால் சொன்னது பொறுப்பாளர் மாறியதும் போய்விடும், எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது.

இந்த வருடத்தின் இரண்டாவது திடீர் மூடல் போன மாதம் வந்தது. மின் இணைப்பில் கோளாறு. செய்தி முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கே வந்துவிட்டதால், யார் லீவு போடுவது என்று நாங்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச முடிந்தது. அந்த நாளுக்கு முழுக் கட்டணம் கட்டினேன், முதல் மூன்றுக்குள் வருகிற நாள்தானே.